ஊணும் உறக்கமும்: நம் வீட்டுப் பிள்ளைகள், அன்றும் இன்றும்

சென்ற மாதம் புனேயில் என் பெண்ணின் வீட்டில் மூன்று வாரம் தங்கியிருந்தேன். பேத்திக்குப் பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. நுழைவுத் தேர்வுக்கான பயிற்சி வகுப்பு காலை ஆறரைக்கு. ஐந்தரைக்கு அலாரம் அடிக்கும். அதை அவள் அம்மா அணைப்பாள். பிறகு அவளை உலுக்கி எழுப்புவாள். அரை டம்ளர் பாலை நின்றுகொண்டே குடித்துவிட்டு ஓடுவாள். பதினொரு மணிக்கு வெளியில் ஒரு வடா பாவ். மத்தியான டப்பா பாதி திரும்பி வரும். இரவு அவள் அறையில் விளக்கு அணைய மணி ஒன்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாலரை மணி நேரத் தூக்கம். உடற்பயிற்சி என்று கேட்டால் மாடிப்படிதான். அதுவும் லிஃப்ட் ரிப்பேர் ஆன நாட்களில்.

"எங்க காலத்துல இப்படியா இருந்தோம்?" என்று சம்பந்தி மாமி தினம் ஒரு தடவையாவது சொல்லுவாள். நம் சங்கக் கூட்டங்களில் டெல்லியானாலும் மாதுங்காவானாலும் கல்கத்தாவானாலும் இதே பேச்சுதான். நானும் சொல்லியிருக்கிறேன். பணி ஓய்வு பெற்றவனுக்குப் பொழுது இருக்கிறதே, அந்த "எங்க காலம்" உண்மையில் எப்படி இருந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் சில, நான் நினைத்ததற்கு நேர்மாறாக இருந்தன. அவற்றை அங்கத்தினர்களோடு பகிர்ந்துகொள்ளத்தான் இக்கட்டுரை.

மிகப் பழைய காலத்திலிருந்து தொடங்குகிறேன். உபநயனம் கர்ப்பாஷ்டமத்தில் என்பது விதி. ஆகவே நாம் இன்று "டீன் ஏஜ்" என்று சொல்லும் வயது முழுவதும் பிரம்மசரிய ஆசிரமத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்த வயதுப் பையனின் நாளை நம் தர்ம சாஸ்திரங்கள் மணிக்கு மணி வகுத்திருக்கின்றன. சூரியன் உதிக்கும்போது தூங்கிக்கொண்டிருந்தால், தெரிந்து தூங்கினாலும் தெரியாமல் தூங்கினாலும், அன்று முழுவதும் உபவாசம் இருந்து ஜபம் செய்ய வேண்டும் என்கிறது மனு ஸ்மிருதி. பகல் தூக்கம் கூடாது என்ற உபதேசம் உபநயனத்திலேயே வந்துவிடுகிறது. வாத்தியார் சொல்லச் சொல்ல நம் பையன்களும் "பாடம்" என்று தலையாட்டுகிறார்கள். எதற்குத் தலையாட்டினோம் என்று எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

சாப்பாட்டு விஷயத்தில்தான் எனக்கு ஆச்சரியம். பிரம்மசாரி என்றால் அரை வயிறு, உப்பில்லாப் பண்டம் என்றெல்லாம் நினைத்திருந்தேன். நம்மில் பெரும்பாலோர் எந்த ஆபஸ்தம்பரின் சூத்திரத்தைச் சேர்ந்தவர்கள் என்று அபிவாதயேயில் சொல்லுகிறோமோ, அவரே தமது தர்ம சூத்திரத்தில் கவளக் கணக்கு ஒன்று தருகிறார். சந்நியாசிக்கு எட்டுக் கவளம், வானப்பிரஸ்தனுக்குப் பதினாறு, கிருகஸ்தனுக்கு முப்பத்திரண்டு. பிரம்மசாரிக்கோ அளவே கிடையாது! வண்டி இழுக்கும் எருது, அக்னிஹோத்ரி, பிரம்மசாரி இந்த மூவரும் சாப்பிட்டால்தான் தங்கள் காரியத்தைச் செய்ய முடியும் என்று காரணமும் கூறுகிறார். வளரும் பிள்ளையின் பசியை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்ட பெரியவர் ஒருவர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்திருக்கிறார். கேட்டபோதெல்லாம் சாப்பிடலாம் என்பதல்ல இதன் பொருள். பிக்ஷை காலையும் மாலையும்தான். இடையில் கொறிப்பது இல்லை.

ஆயுர்வேதமும் இதையொட்டியே செல்கிறது. ஆகாரம், நித்திரை, பிரம்மசரியம் மூன்றும் உடம்பைத் தாங்கும் தூண்கள் என்று சரகர் சொல்கிறார். தேகப் பயிற்சி தன் பலத்தில் பாதி அளவுக்குத்தான் என்று வாக்படர் எல்லை போடுகிறார். பிரம்ம முகூர்த்தத்தில் எழச் சொல்லும்போதுகூட, ஆரோக்கியமாக இருப்பவன் எழட்டும் என்கிறார். ஜுரத்தில் கிடப்பவனையும் குளிரக் குளிரத் தலையில் தண்ணீர் ஊற்றி எழுப்பியது பிற்காலத்துப் பெரியவர்களின் கைங்கரியமாக இருக்க வேண்டும்.

இந்தத் தினசரி எப்போது குலைந்தது? தொலைக்காட்சி வந்த பிறகு, செல்போன் வந்த பிறகு என்று நாம் சொல்லுகிறோம். அதற்கு நூறு வருஷம் முன்னாலேயே குலைந்துவிட்டது என்பது என் எண்ணம். 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்பட்டது. மெட்ரிகுலேஷன் தேறினால் உத்தியோகம் என்று ஆனது. அன்றிலிருந்து நம் குடும்பங்களில் பரீட்சை என்பது ஒரு யாகம், தூக்கம் அதன் ஆஹுதி. ஐகோர்ட் நீதிபதியாக உயர்ந்த முதல் இந்தியர்களில் ஒருவரான சர் டி. முத்துசாமி ஐயர் தெருவிளக்கில் படித்தவர் என்ற கதையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம்மில் உண்டா? குடுமியை உத்தரத்தில் கயிற்றால் கட்டிக்கொண்டு படித்த பையனின் கதை இன்னும் பிரசித்தம். தலை சாய்ந்தால் கயிறு சுண்டும். இந்தக் கதைகளின் ஹீரோ எப்போதும் தூங்காதவன்தான். நன்றாகச் சாப்பிட்டு, ஒன்பது மணிக்குப் படுத்து, முதல் வகுப்பில் தேறிய பையனைப் பற்றி ஒரு கதைகூட எனக்குச் சொல்லப்படவில்லை.

அக்கால ஆபீஸ் பத்து மணிக்கு, பள்ளிக்கூடமும் பத்து மணிக்கு. ஆகவே ஒன்பதரை மணிக்குள் குழம்பு, ரசம், மோர் என்று முழுச் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓட வேண்டும். சாப்பிட்டவுடன் ஓடாதே என்ற பழைய விதி அன்றே காற்றில் போயிற்று. விளையாட்டு, தேகப் பயிற்சி எல்லாம் "தடியன்கள்" செய்யும் வேலை. டிரில் மாஸ்டரை வாத்தியார்களில் சேர்த்தியாகவே நினைக்க மாட்டார்கள்.

இதன் பலனை முதலில் பார்த்து வாய்விட்டுச் சொன்னவர் சுவாமி விவேகானந்தர். அவரைச் சிகாகோவுக்கு அனுப்ப வீடு வீடாகச் சென்று பணம் திரட்டியவர்கள் அளசிங்கப் பெருமாள் தலைமையிலான சென்னை இளைஞர்கள். 1897-ல் திரும்பி வந்த சுவாமிஜி அதே சென்னையில் அவர்களைப் பார்த்து, முதலில் உடம்பில் பலம் வேண்டும், மதம் பிறகு வரட்டும் என்றார். கீதை படிப்பதைவிடக் கால்பந்து ஆடினால் சொர்க்கத்துக்கு இன்னும் அருகில் போகலாம் என்ற பொருளில் அவர் பேசியது எல்லோருக்கும் தெரியும். அதை எங்கே, யாரிடம் சொன்னார் என்பதுதான் நம்மவர்களுக்கு மறந்துவிட்டது. தம்மிடம் அவ்வளவு பக்தியாக இருந்த பையன்களின் கைகால்களைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார் என்று தோன்றுகிறது.

இனி குன்னூர் எலிகளின் கதைக்கு வருகிறேன். இது அங்கத்தினர்களுக்குச் சற்றுக் கசப்பாக இருக்கலாம்.

ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ டாக்டர் 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஒரு சிறிய அறையில் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அதுவே வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், பின்பு தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்று பெயர் பெற்றது. மெக்கரிசன் செய்த சோதனை எளிமையானது. ஒரே வயது எலிக்குட்டிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்தார். ஒரு கூட்டத்துக்குச் சீக்கியர் சாப்பாடு, ஒன்றுக்குப் பட்டாணியர் சாப்பாடு, இன்னொன்றுக்கு மராட்டியர், கூர்க்கர், கன்னடியர், வங்காளிகள், கடைசியாகச் சென்னைக்காரர்கள் என்று அந்தந்த மக்கள் சாப்பிடுவதையே கொடுத்து வளர்த்து எடை பார்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி, எப்போதாவது மாமிசம் என்று தின்ற சீக்கிய எலிகள் முதலிடம். எல்லோருக்கும் கடைசியில் நின்றது நம் சென்னை எலி.

மாமிசம் இல்லாததுதானே காரணம் என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தச் சென்னைச் சாப்பாட்டின் பட்டியலை ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்: மில்லில் தீட்டிக் களைந்த வெள்ளை அரிசி, துவரம்பருப்பு, கொஞ்சம் காய், மசாலா சாமான், எண்ணெய், தேங்காய், சொட்டு நெய், சிறிது மோர், துளிப் பால் விட்டுச் சர்க்கரை போட்ட காப்பி, கடைசியில் பாக்கு. மாம்பலத்திலோ கும்பகோணத்திலோ ஒரு சமையலறைக்குள் நின்று எழுதியதுபோல இல்லையா? நெய் சொட்டு, மோர் சிறிது, பால் துளி. மெக்கரிசன் குறை கண்டது இங்கேதான். அரிசியைப் பளபளவென்று தீட்டி, நாலு தண்ணீரில் களைந்து, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் 'பி' வைட்டமின் சத்தில் மிச்சம் என்ன? புழுங்கலரிசியில் அந்தச் சத்து உள்ளே இறங்கிவிடுவதால் ஓரளவு தப்பும். நாமோ பச்சரிசிக்காரர்கள். ஆசாரம் என்று பச்சரிசியைப் பிடித்துக்கொண்டோம், வெளுப்பு அழகு என்று மில்லையும் பிடித்துக்கொண்டோம். கைக்குத்தல் இருந்த வரையில் பச்சரிசியால் பாதகம் இல்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் வினை. 1936-ல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் மெக்கரிசன் இந்தச் சோதனைகளையெல்லாம் எடுத்துச் சொன்னார்.

அவருக்குப் பின் 1935-ல் குன்னூர்ப் பொறுப்பேற்ற டாக்டர் அய்க்ராய்ட், விடுதிகளில் இருந்த பிள்ளைகளுக்குத் தினமும் கொஞ்சம் வெண்ணெய் எடுத்த பால்பொடியைக் கரைத்துக் கொடுத்துப் பார்த்தார். மற்றதெல்லாம் அதே அரிசிச் சாப்பாடு. பால் குடித்த பிள்ளைகள் உயரத்திலும் எடையிலும் மற்றவர்களை முந்தினார்கள். மாமிசமே இல்லாமல் இந்தக் குறையைத் தீர்க்கலாம் என்பதற்கு அத்தாட்சி அப்போதே கிடைத்துவிட்டது.

காப்பியைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. நம் அடையாளம் என்று நாம் கொண்டாடும் டிகிரி காப்பி நம் வீடுகளுக்குள் வந்து நூற்றைம்பது வருஷம் ஆகியிருக்குமா என்பதே சந்தேகம். அதற்கு முன் வளரும் பிள்ளைகளுக்குக் காலை ஆகாரம் பழையது. ராத்திரி மீந்த சாதத்தில் தண்ணீர் விட்டு, காலையில் மோரும் உப்பும் சேர்த்து, தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாய். பள்ளிக்குப் போகுமுன் வயிறு நிறையும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்திரிகைகளில் காப்பியைத் திட்டி எழுதியவர்கள் பலர். பானத்தின் மேல் அவர்களுக்கு இருந்த கோபத்தில் நியாயம் உண்டோ இல்லையோ, அது பழையதின் இடத்தைப் பிடித்துக்கொண்டது நிஜம். பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு டம்ளர் காப்பியோடு ஒன்பதரை மணிவரை காத்திருக்கப் பழகினான். என் பேத்தியின் அரை டம்ளர் பால் அந்தப் பரம்பரையில் வந்ததுதான். நான் மட்டும் என்ன, பதினைந்து வயதில் காப்பி இல்லாமல் பல் விளக்கியதற்கே அர்த்தமில்லை என்று நினைத்தவன்.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஒரு நோஞ்சான் பையன். 1918 டிசம்பரில், கோலார் பக்கம் பேளூர் என்ற கிராமத்தில், விஷ ஜுரம் நாட்டையே வாரிக்கொண்டு போன சமயத்தில் பிறந்தவன். தாயாருக்கே அந்த ஜுரம். ஒன்பது வயதில் தகப்பனாரை இழந்தான். மலேரியா, டைபாய்டு, க்ஷயம் என்று ஒன்று விட்டு ஒன்று பிடித்தது. குச்சிக் கைகால், துருத்திய வயிறு, தூக்க முடியாத தலை என்று பிற்காலத்தில் அவரே தம்மை வர்ணித்திருக்கிறார். அவருடைய அத்திம்பேர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். மைசூர் மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையார் ஆதரவில் 1933-ல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கியவர் அவர். அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் பள்ளிச் சிறுவர்கள். ஓரிடத்தில் உட்கார மாட்டாத வயதுக்கு ஏற்றாற்போல, துள்ளித் துள்ளி ஆசனத்திலிருந்து ஆசனத்துக்குப் போகும் முறையை அவர் அங்கே கற்பித்தார். இன்று உலகமெங்கும் பெரியவர்கள் பணம் கொடுத்து வியர்வை சிந்தும் யோகத்தில் பாதி, அந்த மைசூர்ப் பையன்களுக்காக அமைந்தது.

1934-ல் அக்காவுக்கு ஒத்தாசையாக மைசூர் வந்த பேளூர்ப் பையனுக்கு வயது பதினைந்து. இந்த உடம்புக்கு ஆசனம் வராது என்று அத்திம்பேர் முதலில் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விழா ஒன்று நெருங்கும் சமயத்தில் முதல் மாணவன் சொல்லாமல் ஓடிவிட, வேறு வழியின்றி இவனை நிறுத்தினார். அத்திம்பேர் மிகக் கண்டிப்பானவர். அடி உதையும் உண்டு என்பதை மைத்துனரே எழுதியிருக்கிறார், அதை நான் சிலாகிக்க மாட்டேன். ஆனால் இரண்டு மூன்று வருஷத்தில் க்ஷயம் பிடித்த உடம்பு நிமிர்ந்தது. ஆங்கிலத்தில் தோற்றதால் மெட்ரிகுலேஷன் போயிற்று. 1937-ல், பதினெட்டு வயதில், புனே டெக்கான் ஜிம்கானாவில் ஆறு மாதம் சொல்லிக்கொடுக்க அனுப்பப்பட்டார். மராத்தி தெரியாது, மாணவர்கள் எல்லோரும் இவரைவிட வாட்டசாட்டமானவர்கள். ஆறு மாதத்துக்குப் போனவர் 2014-ல் காலமாகும் வரை புனேயில்தான் இருந்தார். பி.கே.எஸ். ஐயங்கார் என்று நான் சொல்லாமலே தெரிந்திருக்கும். பரீட்சையில் தேறியிருந்தால் ஒரு குமாஸ்தா உத்தியோகத்தில் இருமிக்கொண்டே காலம் தள்ளியிருப்பாரோ என்னவோ.

பையன்களையே பேசிக்கொண்டிருக்கிறேன். பெண்கள்? "எங்க காலம்" என்று பெருமையடிக்கும்போது நாம் சொல்லாமல் விடுவது இதைத்தான். சாரதா சட்டம் 1929-ல் வந்து பெண்ணின் கல்யாண வயதைப் பதினான்கு ஆக்கியது. அதற்கும் நம்மவர்களில் பலர் எதிர்ப்பு. அதற்கு முன் பதின்மூன்று வயதுப் பெண் புக்ககத்தில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு பாத்திரத்தில் இருப்பதைச் சாப்பிட்டவள். எழுந்திருப்பதில் முதல், படுப்பதில் கடைசி. குழந்தை விதவையானால் ஒரு வேளைச் சாதம், ஏகாதசி உபவாசம், வளரும் வயதில்! பதினொரு வயதில் கணவனை இழந்த சகோதரி சுப்புலட்சுமி பி.ஏ. தேறி, 1912-ல் சென்னையில் இத்தகைய சிறுமிகளுக்காக இல்லம் தொடங்கினார். அங்கே சிறுமிகளுக்கு முதலில் கிடைத்தது புஸ்தகம் என்று நாம் நினைக்கிறோம். வேளாவேளைக்குச் சாப்பாடும் விளையாட்டும் கிடைத்ததும் அதே அளவு பெரிய காரியம்.

அந்தப் பாக்கி இன்னும் தீரவில்லை. 2016 முதல் 2018 வரை மத்திய அரசு நடத்திய ஊட்டச்சத்து ஆய்வில், பத்து முதல் பத்தொன்பது வயதுப் பெண்களில் 40 சதவீதத்தினருக்கு ரத்தசோகை. பையன்களில் 18 சதவீதம். அதே ஆய்வில் அந்த வயதினரில் நாலில் ஒருவர் ஒல்லி, இருபதில் ஒருவர் அதிக எடை, பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை நோயின் முன்னறிகுறி. ஒல்லியும் சர்க்கரையும் ஒரே நாட்டில் ஒரே வயதில்! என் பேத்தியின் வெளிறிய நகத்தைப் பார்த்த பிறகு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன். ஹீமோகுளோபின் பத்துக்குக் கீழே. அவள் வீட்டில் எதற்கும் குறைவில்லை, முந்திரிப்பருப்பு டப்பா மேசைமேலேயே இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடத்தான் நேரமில்லை. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக்கொடுத்து, அதைப் பாலோடும் காப்பியோடும் சாப்பிடாதே என்றார்.

தூக்கத்துக்குத் திரும்ப வருகிறேன். சீக்கிரம் படு என்று சொன்னால், "தூக்கம் வரலையே தாத்தா" என்கிறாள். சாக்கு என்று நினைத்தேன். இல்லையாம். பருவ வயதில் உடம்பின் உள் கடிகாரமே ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்குப் போகிறது, தூக்கத்துக்கான மெலடோனின் சுரப்பது தாமதமாகிறது என்று அமெரிக்காவில் மேரி கார்ஸ்கடன் முதலியோர் 1990-களிலிருந்து சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். பதின்மூன்று முதல் பதினெட்டு வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரம் தேவை என்பது அங்குள்ள தூக்க மருத்துவ நிபுணர்கள் 2016-ல் கொடுத்த கணக்கு. அப்படியானால் குருகுலப் பையன் எப்படி விடியுமுன் எழுந்தான்? இருட்டியபின் அவனுக்கு வெளிச்சம் ஏது? உள் கடிகாரத்தை இன்னும் பின்னுக்குத் தள்ள மின்விளக்கும் இல்லை, கையடக்கத் திரையும் இல்லை. ஆபஸ்தம்பரின் விடியற்காலையை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் காலத்து இரவை விட்டுவிட்டோம். அளவில்லாச் சாப்பாட்டையும்தான்.

கலிபோர்னியாவில் 2019-ல் சட்டமே போட்டார்கள். 2022-லிருந்து அங்கே பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகள் எட்டரைக்கு முன் தொடங்கக் கூடாது. நம் மகாராஷ்டிரத்திலும் பிள்ளைகளின் தூக்கம் கெடுகிறது என்று கவர்னர் பேசியதன் பேரில், 2024 பிப்ரவரியில் உத்தரவு வந்தது, ஒன்பது மணிக்கு முன் வகுப்பு வேண்டாமென்று. யாருக்கு? நாலாம் வகுப்பு வரையிலுள்ள குழந்தைகளுக்கு. அவர்கள் எப்படியும் எட்டரை மணிக்குத் தூங்கிவிடுகிறவர்கள். பதினாறு வயதுக்காரிக்கு ஆறரை மணி வகுப்பு அப்படியேதான் இருக்கிறது. பயிற்சி வகுப்புக்காரர்களிடம் ஒரு மணி நேரம் தள்ளி வைக்கக் கூடாதா என்று பெண்ணை விட்டுக் கேட்கச் சொன்னேன். மற்றப் பெற்றோர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று பதில் வந்ததாம். நம் சங்கத்துப் பெற்றோர்களே நாலைந்து பேர் அந்த வகுப்பில் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறார்கள். அவர்களாவது முதலில் ஒப்புக்கொள்ளலாம் என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

நான் ஊருக்குக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று வகுப்பு இல்லை. ஒன்பதேகால் மணிக்கு, "தாத்தா கிளம்பறார், எழுந்திரு" என்று என் பெண் கதவைத் தட்டப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். வண்டி மத்தியானம்தானே. பத்து மணிக்குத் தானாக எழுந்து வந்தவள், முந்தின ராத்திரி சம்பந்தி மாமி தண்ணீர் விட்டு வைத்திருந்த சாதத்தில் தயிரைப் பிசைந்துகொண்டு என் எதிரில் உட்கார்ந்தாள். மாவடு தொட்டுக்கொண்டு இரண்டு தட்டு ஆயிற்று. மூன்றாவது தடவை கேட்டபோது பாத்திரத்தில் இல்லை.